பாட்டியின் கணக்கில் இன்னும் தீராத கடன்

வாசகி கடிதம் (சுருக்கம்):

நான் இருளர் சமூகத்தைச் சேர்ந்தவள், வயது 27. இராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். பாட்டி வாங்கிய 1,500 ரூபாய் முன்பணத்துக்காக அவரும் என் அப்பாவும் ஓர் அரிசி ஆலையில் பல ஆண்டுகள் கொத்தடிமைகளாக இருந்தார்கள். எனக்கு ஐந்து வயதானபோது அதிகாரிகள் வந்து மீட்டார்கள். அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை, தினமும் குடிக்கிறார். ஒருமுறை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன், அங்கே திட்டினார்கள் என்று மறுபடியும் வர மறுக்கிறார். பாட்டி ஜீப் சத்தம் கேட்டால் என் ஆறு வயது மகளை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார். கடன் இன்னும் முடியவில்லை என்கிறார். எனக்கே சூப்பர்வைசர் கூப்பிட்டால் கை சில்லிட்டுப் போகிறது. வரவேண்டிய ஓவர்டைம் பணத்தைக் கேட்க வாய் வரவில்லை. போன மாதம் 19 வயதுத் தம்பியைத் திருட்டு வழக்கு விசாரணை என்று கூட்டிப்போய் இரண்டு இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை. நான் இருந்து என்ன ஆகப் போகிறது என்கிறான். முன்னோர் பட்ட துன்பம் மரபணு வழியாகப் பிள்ளைகளுக்கு வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். இது எங்கள் இரத்தத்திலேயே இருக்கிறதா? அப்பாவை எப்படியாவது பேச வைக்க வேண்டுமா? ஒரு கல்லூரி மாணவர் வந்து பாட்டியிடம் எல்லாவற்றையும் கேட்டுப் பதிவு செய்தார். அதன் பிறகு ஒரு வாரம் பாட்டி தூங்கவில்லை. மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போய்க் கன்னியம்மனிடம் கேட்கலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். மருத்துவமனையா, அம்மனா? என் மகளுக்கு நான் என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

தம்பியைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது சில வரிகள்தான் என்றாலும், என் பதில் அவரிடமிருந்தே தொடங்க வேண்டும். இருந்து என்ன ஆகப் போகிறது என்று ஓர் இளைஞர் சொன்னால் அதைச் சலிப்பில் வந்த பேச்சு என்று தள்ளிவிடக் கூடாது. இன்றே, வீட்டில் மற்றவர்கள் இல்லாத நேரத்தில், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பெரும்பாலானவர்களுக்கு யாரோ கேட்டுவிட்டார்கள் என்பதே ஆறுதலாக இருக்கிறது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, எலிமருந்து போன்றவை வீட்டில் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். எப்படிச் செய்வது என்று யோசித்து வைத்திருப்பதாக அவர் சொன்னால் மறுநாள் வரை காத்திராமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் வந்துவிடும் என்ற அச்சம் உங்கள் வீட்டில் எழக்கூடும் என்பதால் இதையும் சொல்கிறேன்: தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சை தர வேண்டியது அரசின் கடமை என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது.

தம்பியின் தூக்கமின்மையை நான் முன்னோரிடமிருந்து வரும் தலைமுறைத் துயரம் என்ற தலைப்பின் கீழ் வைக்கமாட்டேன். அவருக்கு நேர்ந்தது போன மாதம் நேர்ந்தது. காவலில் எடுக்கப்பட்ட எவரையும் 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு. இரண்டு இரவு வைத்திருந்து, எந்தத் தாளும் இல்லாமல் அனுப்பியது சட்டப்படி நடந்ததல்ல. பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். வழக்குப் போடுவதா வேண்டாமா என்பது தம்பியும் நீங்களும் எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் மறுபடியும் வந்து கூப்பிட்டால் யாருக்கு போன் செய்வது என்பது தெரிந்திருந்தாலே அவருடைய இரவுகள் கொஞ்சம் மாறும். சமூகத்தில் உயிரோடிருக்கும் ஆபத்து ஒன்றுக்கு மனச்சிகிச்சை மட்டும் தருவது என் தொழிலில் அடிக்கடி நடக்கும் அநியாயம். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுகிறவரை நோயாளி என்று எழுதிவிட்டு நாங்கள் அடுத்தவரை அழைத்துவிடுகிறோம்.

இனி உங்கள் முதல் கேள்வி, இரத்தத்தைப் பற்றியது. நீங்கள் பார்த்த வீடியோவுக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. நாஜிகளின் படுகொலையிலிருந்து தப்பிய யூதர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் ரேச்சல் யெஹூடா என்ற ஆய்வாளரின் குழு ஆராய்ந்து, உடலின் அழுத்த எதிர்வினையோடு தொடர்புள்ள ஒரு மரபணுவின் மேல் படிந்திருக்கும் வேதிக் குறிகளில் வேறுபாடு தெரிந்ததாக 2016இல் வெளியிட்டது. ஆய்வில் இருந்தவர்கள் சில பத்துப் பேர்தான். அந்தக் குறிகள் பிறப்பிலேயே வந்தவையா, அச்சம் நிறைந்த வீட்டில் வளர்ந்ததால் வந்தவையா என்று அதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. இத்தகைய குறிகள் வாழ்க்கைச் சூழலுக்கேற்ப மாறவும் கூடும். ஆகவே அதை ஒரு தலைவிதிபோல எடுத்துக்கொள்ள இடமில்லை. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். சில சாதிகளில் பிறந்தவர்களுக்குக் குற்றம் இரத்தத்திலேயே ஊறியது என்ற எண்ணத்தின் மேல்தான் ஆங்கிலேய அரசு 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சட்டம் போய்விட்டது, அந்த எண்ணத்தின் மிச்சம்தான் உங்கள் தம்பியைத் தேடி வந்தது. அதே வாதத்தை இரக்கத்தின் பெயரில் யாராவது திரும்பக் கொண்டுவந்தாலும் நான் ஏற்கத் தயங்குவேன்.

உங்கள் வீட்டில் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்கு உண்மையிலேயே கைமாறியது என்ன என்று பார்த்தால், முதலில் கைமாறியது கடன். பாட்டி வாங்கிய பணத்தை அப்பாவின் உழைப்பில் கழித்தார்கள். நீங்கள் ஐந்து வயதில் வெளியே வராமல் இருந்திருந்தால் உங்கள் பெயரும் முதலாளியின் கடன் நோட்டில் ஏறியிருக்கும். கடனோடு சேர்ந்து கைமாறியவை சில பழக்கங்கள். அரிசி ஆலைகளில் நெல்லை ஊறவைத்து, அவித்து, களத்தில் கொட்டி, காயக் காயக் கிளறிவிட வேண்டும். வேலை நள்ளிரவுக்குப் பின் தொடங்கும், தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும். அப்படி வளர்ந்த ஒரு சிறுவன் என்ன கற்றுக்கொள்வான்? நிமிர்ந்து பார்க்காதே, கூலி எவ்வளவு என்று கேட்காதே, வெளி ஆளிடம் வாய் திறக்காதே, வண்டி வந்தால் கண்ணில் படாதே. அந்த இடத்தில் இவை ஒவ்வொன்றும் அடியிலிருந்து காப்பாற்றிய அறிவு. உங்கள் அப்பா இதை உங்களுக்கு ஒருநாளும் சொல்லித் தந்திருக்கமாட்டார். முதலாளியைப் போன்ற ஒருவர் எதிரே வந்தால் அவர் தோள் ஒடுங்குவதைப் பார்த்தே நீங்கள் கற்றிருப்பீர்கள். சூப்பர்வைசர் அழைக்கும்போது உங்கள் கை சில்லிட்டுப் போவது அந்தப் பாடம்தான். கற்றது என்பதால் அதை மெல்ல மாற்றிக்கொள்ளவும் முடியும்.

ஓவர்டைம் விஷயத்தில் அதைத் தொடங்கலாம். நேரில் கேட்க வாய் வராவிட்டால் எழுதிக் கொடுங்கள். கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்குத் தேதி, மணி, தொகை எழுதத் தெரியாதா என்ன? நம்பிக்கையான சக ஊழியர் ஒருவரோடு போய்க் கொடுத்துவிட்டு, நகலில் பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து கேளுங்கள். கை நடுங்கத்தான் செய்யும்; நடுக்கம் நின்ற பிறகு போகலாம் என்று காத்திருந்தால் அது நிற்காது. போய்விட்டு வந்து ஒன்றும் ஆகவில்லை என்பதை உடம்பு பார்த்தால்தான் அடுத்த முறை குறையும்.

இத்தகைய துயரம் உங்களுக்கு மட்டும் உரியதன்று. கனடாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பழங்குடிக் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, தாய்மொழி பேசினால் தண்டிக்கும் உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்டார்கள். அங்கே அன்பு காட்டப்படாமல் வளர்ந்தவர்கள் தாமே பெற்றோரானபோது தடுமாறியதை 2015இல் வெளியான உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் இறுதி அறிக்கை விரிவாகப் பதிந்திருக்கிறது. அந்நாட்டிலிருந்து எனக்கு அதிகம் பயன்பட்டது வேறோர் ஆய்வு. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஏறக்குறைய 200 பழங்குடிச் சமூகங்களில் இளைஞர் தற்கொலைகளைச் சாண்ட்லர், லலோண்ட் என்ற இருவர் ஆராய்ந்து 1998இல் எழுதினார்கள். எல்லாச் சமூகங்களுக்கும் கொடுமையான வரலாறு இருந்தும், பாதிக்கு மேற்பட்டவற்றில் ஆய்வுக்கு எடுத்த ஆண்டுகளில் ஓர் இளைஞர் தற்கொலைகூட இல்லை. வேறு சிலவற்றில் விகிதம் மிக அதிகம். நில உரிமைக்கான முயற்சி, சுயாட்சி, பள்ளி, சுகாதாரம், காவல் மற்றும் தீயணைப்பு, பண்பாட்டுக்கான இடம் ஆகிய ஆறும் தங்கள் கையில் இருந்த சமூகங்களில் ஒன்றுகூட நிகழவில்லை. இதை நம் ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் கோட்டாட்சியர் அலுவலகத்தில் சாதிச் சான்றிதழுக்கு வருடக்கணக்கில் அலைவதும், வீட்டுமனைப் பட்டா இல்லாமல் ஏரிக்கரையில் குடியிருப்பதும் மனநலத்துக்கு வெளியே உள்ள விஷயங்கள் என்று சொல்கிறவரோடு வாதாட எனக்கு இந்த ஆய்வு உதவுகிறது. உங்கள் பகுதியில் இருளர் சங்கம் ஏதேனும் இயங்கினால், தம்பியை அங்கே ஏதாவது ஒரு வேலையில் சேர்த்துவிடுங்கள். மனு எழுதித் தரவும் கூட்டத்துக்கு நாற்காலி போடவும் ஆள் வேண்டியிருக்கும்.

அப்பாவைப் பேச வைக்க வேண்டுமா? வேண்டாம். உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக இருக்கிறது; ஆனால் ஒருவரை அவர் விரும்பாத நேரத்தில், விரும்பாத ஆளிடம் நடந்ததையெல்லாம் சொல்ல வைப்பது பலருக்கு நிலைமையை மோசமாக்கும். பாட்டிக்கு அந்த ஒரு வாரம் நேர்ந்தது அதுதான். அந்த மாணவர் கெட்ட எண்ணத்தோடு வந்திருக்கமாட்டார். ஆனால் பதிவு அவரோடு போயிற்று, இரவு மட்டும் பாட்டியிடம் தங்கிவிட்டது. இதற்கு எதிர்ப்பக்கம் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியைப் பாருங்கள். 1992 ஜூனில் வனத்துறையினரும் காவல்துறையினரும் சேர்ந்து இழைத்த கொடுமையை அந்த ஊரின் மலையாளிப் பழங்குடிப் பெண்கள் நீதிமன்றத்தில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அதன் வலியை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தப் பேச்சு ஓரிடத்தில் போய்ச் சேர்ந்தது: 2011 செப்டம்பரில், குற்றம் சாட்டப்பட்டவர்களில் அப்போது உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை கிடைத்தது, 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சொல்கிறவருக்கு அதனால் என்ன கிடைக்கிறது, எங்கே நிறுத்துவது என்பது யார் கையில் இருக்கிறது என்பவற்றைப் பார்த்துத்தான் பேச்சு மருந்தாகிறதா இல்லையா என்று சொல்ல முடியும். இனிமேல் யாராவது பதிவு செய்ய வந்தால், பாட்டியிடம் முதலில் தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் திருப்பி அனுப்ப உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அப்பாவின் குடியைப் பொறுத்தவரை அவசரமான ஓர் எச்சரிக்கை. பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் கோபத்திலோ சத்தியத்துக்காகவோ ஒரே நாளில் நிறுத்தினால், முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாததைப் பார்த்துப் பிதற்றுவது ஆகியவை வரலாம்; அது உயிருக்கே ஆபத்து. ஆகவே நிறுத்து என்று வீட்டில் கட்டாயப்படுத்தாமல் மருத்துவ மேற்பார்வையில் நிறுத்த வழி செய்யுங்கள். அடுக்கம்பாறையில் உள்ள வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் பகுதி அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்குகொள்ளும் முறை நெடுங்காலமாக இருக்கிறது. அப்பாவைத் தனியே ஓரிடத்தில் விட்டுவிட்டு வருவது அவருக்கு எதை நினைவூட்டும் என்பதை யோசித்தால் இது முக்கியம் என்று உங்களுக்கே புரியும்.

முன்பு போன மருத்துவமனையில் அப்பாவைத் திட்டியது பெருந்தவறு. அது அவரைப் பழைய முதலாளியின் முன்னால் மறுபடியும் நிறுத்திவிட்டது. அடுத்த முறை அவர் உள்ளே போவதற்கு முன்பே நீங்கள் மருத்துவரிடம் இரண்டு வாக்கியம் சொல்லுங்கள்: இவர் சிறுவயதிலிருந்து கொத்தடிமையாக இருந்து மீட்கப்பட்டவர், அதட்டிப் பேசினால் வாய் மூடிவிடுவார், பிறகு வரமாட்டார். நல்ல மருத்துவருக்கு அது போதும். கெட்ட கனவு, திடுக்கிட்டு விழிப்பது, எதிலும் ஒட்டாமல் இருப்பது ஆகியவை அவருக்கு இருந்தால் அவற்றுக்கும் மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் உண்டு. பலர் அந்தக் கனவுகளை அமுக்கத்தான் குடிக்கிறார்கள் என்பதால், குடியை மட்டும் நிறுத்திவிட்டுக் கனவுகளை அப்படியே விட்டால் சில மாதங்களில் குடி திரும்பிவிடும். தூக்க மாத்திரையை மட்டும் மாதக்கணக்கில் வாங்கிக் கொடுக்காதீர்கள், அதுவும் பழக்கமாகிவிடும்.

பாட்டிக்கு இப்போது மருத்துவரைவிட முதலில் தேவைப்படுவது, கடன் முடிந்துவிட்டது என்ற செய்தி. 2019 ஜூலையில் அன்றைய காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டபோது, தங்களை விடுவிக்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கிடந்த படம் பல நாளிதழ்களில் வந்தது. சட்டம் அவரை எழுப்பி நிறுத்த வேண்டிய நேரத்திலும் அவருடைய உடம்புக்குத் தெரிந்த ஒரே வழி அது. உங்கள் பாட்டியும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த நோட்டை மனத்தில் சுமந்துகொண்டிருக்கிறார். கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976ஆம் ஆண்டு வந்தது. அந்தச் சட்டத்தின்படி கொத்தடிமைக் கடன் எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை. அதை வசூலிக்க எவரும் நீதிமன்றத்துக்குக்கூடப் போக முடியாது. மீட்கப்பட்டபோது தந்த விடுதலைச் சான்றிதழ் வீட்டில் எங்காவது, பெரும்பாலும் ஒரு தகரப் பெட்டியில், இருக்கும். எடுத்து லேமினேட் செய்யுங்கள். பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து அவருடைய பெயர், தேதி, கையெழுத்திட்ட அதிகாரியின் பதவி என ஒவ்வொன்றையும் வாசித்துக் காட்டுங்கள். மறுபடியும் கடனைப் பற்றிப் பேசினால் மறுபடியும் வாசியுங்கள். வாதம் செய்ய வேண்டாம். காணாமல் போயிருந்தால் கோட்டாட்சியர் அலுவலகத்தில் நகல் கேட்டு மனுக் கொடுங்கள். அந்தக் காலத்தில் தரவேண்டியிருந்த மறுவாழ்வுத் தொகையான 20,000 ரூபாய் முழுமையாக வந்ததா என்பதையும் அதே மனுவில் கேட்கலாம். உங்கள் குடும்பத்தில் மருந்துச் சீட்டுக்கு ஈடான தாள் ஒன்று உண்டென்றால் அது இந்தச் சான்றிதழ்தான்.

மருத்துவமனையா, அம்மனா என்ற கேள்வி உங்களுக்கு எழவேண்டிய அவசியமே இல்லை. மாசிப் பௌர்ணமிக்கு வட மாவட்டங்களின் இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடி, மணலில் குடில் போட்டுத் தங்கி, விடியலில் கன்னியம்மனுக்குப் படைத்து, கல்யாணமும் பேசி முடித்து வருவதை வெளியே இருந்து பார்த்தவன் நான். உள்ளே இருப்பதை நீங்கள்தான் அறிவீர்கள். அங்கே உங்கள் அப்பா மீட்கப்பட்ட கொத்தடிமை இல்லை, இன்னாருடைய மகன், இன்னாருக்கு மாமன். அந்த மூன்று நான்கு நாட்கள் தரும் இடத்தை என் அறை தர முடியாது. கட்டாயம் போங்கள். மருந்து தொடங்கியிருந்தால் அதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், ஒரு வேளையும் விட வேண்டாம். குடியை நிறுத்திய புதிதில் எந்தத் திருவிழாக் கூட்டமும் சோதனைதான் என்பதால், குடிக்காத ஒரு சித்தப்பாவையோ மாமாவையோ அப்பாவோடு இருக்கும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மகளிடம் பொய் சொல்ல வேண்டாம். எல்லாவற்றையும் சொல்லவும் வேண்டாம். ஆறு வயதுக் குழந்தை காரணம் தெரியாத அச்சத்தைத் தன் தவறாக எடுத்துக்கொள்ளும். எனவே இப்படிச் சொல்லலாம்: "பாட்டி முன்னாடி ஒரு இடத்துல வேலை செஞ்சாங்க. அங்க இருந்தவங்க பாட்டிய வெளிய விடல, வண்டியில வந்து மிரட்டுனாங்க. அதனாலதான் வண்டிச் சத்தம் கேட்டா பாட்டிக்கு பயம் வருது. நீ ஒண்ணும் தப்பு செய்யல. வா, என்ன வண்டின்னு நாம போய்ப் பார்க்கலாம்." பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பாருங்கள், பால் வண்டியாகவோ பள்ளி வேனாகவோதான் இருக்கும். வந்து பாட்டியிடம் அவளையே சொல்லச் சொல்லுங்கள். இனி யாரும் வரவே மாட்டார்கள் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், ஏனென்றால் மாமாவைக் கூட்டிப்போனதை அவளும் பார்த்திருக்கிறாள். வந்தால் அம்மா யாரைக் கூப்பிடுவேன் என்று சொல்லுங்கள். அடி உதைகளைப் பற்றி இந்த வயதில் தேவையில்லை, பத்து வயதுக்கு மேல் அவளாகக் கேட்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லலாம். அதற்கு முன்பே, எந்த வேர் எந்தக் கடிக்கு, வரப்பில் எலி வளையை எப்படி அடையாளம் கண்டு உள்ளே சேர்ந்திருக்கும் நெல்லை எடுப்பது என்பதையெல்லாம் பாட்டியிடமிருந்து அவள் கேட்டு வைத்திருக்கட்டும்.